மணிக்கு ஒரு ரிங்கிட் கூடவா, தீபாவளிக்குச் சம்பளமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை அண்ணி மூன்று வேலைகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கடைசிப் பையன் இந்த வருடம் முதலாம் ஆண்டுக்குப் போய்விட்டான். பன்னிரண்டு வருடம் வீட்டோடு இருந்தவர், இனி வேலைக்குப் போகலாம் என்று முடிவு செய்துவிட்டார். பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் வீடு. பிறைப் பக்கம் வேலை கிடைத்தால் மோட்டாரிலேயே போய் வந்துவிடலாம்.

சாப்பாட்டு மேசையில் மூன்று தாள்களைப் பரப்பினார். மூன்றுமே மணிக்கணக்குச் சம்பளம்.

முதலாவது, ஏஜெண்டு ஒருவர் போனில் சொன்னதை அண்ணி தன் கையால் எழுதி வைத்திருந்தது. உணவுப் பொருள் பாக்கெட் போடும் இடம். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம், மணிக்கு 11 ரிங்கிட். பக்கத்தில் 'எல்லாம் அடக்கம்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார். அதாவது விடுமுறைக்கும் விடுப்புக்கும் தனியாகக் காசு கிடையாது. இரண்டாவது, ஒரு சின்னத் தொழிற்சாலை. அதே ஆறு நாள், அதே ஏழரை மணி, ஆனால் மணிக்கு 10 ரிங்கிட். பொது விடுமுறை, ஆண்டு விடுப்பு, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) எல்லாம் தனி. மூன்றாவது, ஒரு பேரங்காடியில் பகுதி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி, மணிக்கு 10 ரிங்கிட்.

"நீதானே சம்பளக் கணக்குப் பார்க்கிறாய், எது நல்லதுன்னு சொல்லு. எனக்குப் பதினொன்றுதான் பிடித்திருக்கிறது" என்றார்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். மணிச் சம்பளத்துக்கு வருகிறவர்கள் எல்லாருமே முதலில் கேட்பது மணிக்கு எவ்வளவு என்றுதான். வேலை செய்யாத நாளுக்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது, அன்றைய கணக்கு போனது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய் நின்றுவிட்டு ஈரத்தோடு திரும்பி வருவார். அம்மா ஒன்றும் கேட்கமாட்டார். 'வேலை செய்தால்தான் காசு' என்ற நினைப்பு அப்படி எங்களுக்குள் ஊறிப்போனது. அதனால்தான், செய்யாத நாளுக்கும் சம்பளம் உண்டு என்று சட்டம் சொல்லும்போது, யாரோ தயவு பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். மணிக்கணக்கில் வேலை செய்கிறவருக்கும் விடுமுறைச் சம்பளம் அவருடைய சம்பளத்தின் ஒரு பகுதிதான். அதைச் சேர்க்காமல் மணிக்கு எவ்வளவு என்று மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

சட்டம் என்ன தருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் மாதச் சம்பளக்காரர், நாள் சம்பளக்காரர், மணிச் சம்பளக்காரர் எல்லாரும் அடக்கம். வருடத்துக்கு 11 பொது விடுமுறை, சம்பளத்தோடு. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் முடியும் வரை ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு, அதற்குப் பிறகு ஐந்து வருடம் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) விடுப்பு இதே கணக்கில் 14, 18, 22 நாள். 2023 ஜனவரி 1 முதல் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் தொழிலாளர் எல்லாரும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை), விடுமுறை நாள் வேலைக்கான கூடுதல் காசு போன்ற சில பிரிவுகள் பொருந்தாது. நாம் பேசுகிற மூன்று வேலைக்கும் அந்தக் கவலை இல்லை. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த உச்ச வரம்பும் அதே திருத்தத்தில் 45 ஆனது.

அந்த 11 நாளில் ஐந்தை யாரும் மாற்ற முடியாது: ஆகஸ்ட் 31 தேசிய தினம், செப்டம்பர் 16 மலேசிய தினம், மே 1 தொழிலாளர் தினம், பேரரசர் பிறந்தநாள், அப்புறம் மாநிலத் தலைவரின் பிறந்தநாள். பினாங்கில் அது ஆளுநர் பிறந்தநாள். கோலாலம்பூரில் வேலை செய்கிறவர்களுக்கு அதற்குப் பதில் பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம். மிச்சம் ஆறு நாளை அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த பட்டியலை வருடம் பிறப்பதற்கு முன்பே வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும்.

கட்டாயமான ஐந்தில் தீபாவளி இல்லை. தைப்பூசமும் இல்லை. இதைச் சொன்னபோது அண்ணியால் நம்ப முடியவில்லை. நாட்காட்டியில் சிவப்பு போட்டிருந்தால் அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு, நோன்புப் பெருநாளுக்கு இரண்டு என்று முதலாளி எடுத்துவிட்டால் ஆறில் மிஞ்சுவது இரண்டு. தீபாவளி, கிறிஸ்துமஸ், விசாகம், தைப்பூசம், பினாங்கில் ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய நகர தினம் என்று அத்தனையும் அந்த இரண்டு இடத்துக்கு நிற்கின்றன. பெரும்பாலும் தீபாவளிக்கு இடம் கிடைத்துவிடும். தைப்பூசம்தான் வெளியே நிற்கும். தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிற குடும்பமாக இருந்தால் இதை வேலையில் சேருவதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லையென்றால் உங்கள் எட்டு நாள் விடுப்பில் ஒன்று அதற்குப் போய்விடும்.

இப்போது பதினொன்றும் பத்தும்.

ஆறு நாள் வாரத்துக்கு வருடத்தில் 312 வேலை நாள். பத்து ரிங்கிட் வேலையில் ஒரு நாள் சம்பளம் 75. பொது விடுமுறை 11, ஆண்டு விடுப்பு 8, ஆக 19 நாள் வீட்டில் இருந்தாலும் சம்பளம் வரும். அதனால் 312 நாளுக்கும் காசு உண்டு: 23,400 ரிங்கிட். பதினொரு ரிங்கிட் வேலையில் ஒரு நாள் 82.50. அதே 19 நாள் வீட்டில் இருந்தால் 293 நாளுக்குத்தான் காசு: 24,172.50 ரிங்கிட்.

"பார்த்தாயா, பதினொன்றுதான் 772 வெள்ளி கூட!" என்றார் அண்ணி.

உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. விடுமுறையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு ரிங்கிட் வித்தியாசம் அந்த 19 நாளை ஈடுகட்டிவிடும். பத்து ரிங்கிட் வேலைக்குச் சமமாக வர விடுமுறை இல்லாத வேலைக்கு மணிக்கு ஏறக்குறைய 10.65 கிடைத்தால் போதும். ஐம்பது காசுதான் கூட என்று ஒருவர் சொன்னால், அது உங்களுக்கு நட்டம் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும். ஒரு ரிங்கிட் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டும்.

முதலில் உடம்பு. அண்ணிக்கு வயது நாற்பத்தொன்று, முதுகுவலி உண்டு, வீட்டில் பள்ளிக்குப் போகிற மூன்று பிள்ளைகள். வருடத்தில் பத்து நாள் எம்.சி. என்பது பெரிய விஷயமே இல்லை. பத்து ரிங்கிட் வேலையில் அந்தப் பத்து நாளுக்கும் சம்பளம் உண்டு, தொகை மாறாது. பதினொரு ரிங்கிட் வேலையில் அது 23,347.50 ஆகிவிடும். முன்னால் இருந்த 772 ரிங்கிட்டும் போய், 52.50 பின்னால் விழுந்தாயிற்று.

அடுத்தது விடுமுறை நாளில் வேலை. லீவெல்லாம் வேண்டாம், பதினொரு நாளும் வேலைக்கு வருகிறேன் என்று சொல்கிறவர்களுக்கு 'எல்லாம் அடக்கம்' நல்லதுதானே என்று தோன்றும். அதையும் போட்டுப் பார்த்தேன். இரண்டு வேலையிலும் எட்டு நாள் மட்டும் வீட்டில் இருந்துவிட்டு, பதினொரு பொது விடுமுறையிலும் வேலைக்குப் போனால் பதினொரு ரிங்கிட்காரருக்கு 25,080, பத்து ரிங்கிட்காரருக்கு 25,050. ஒரு வருடம் முழுக்க உழைத்ததற்கு வித்தியாசம் முப்பது ரிங்கிட்.

கடைசியாக இ.பி.எஃப். ஏஜெண்டு சொன்ன வேலையில் அது கிடையாது, "கேஷுவல்தானே" என்றாராம். மாதம் 5,000 ரிங்கிட் வரை வாங்குகிறவருக்கு முதலாளி தன் பக்கத்திலிருந்து போட வேண்டியது 13 விழுக்காடு. 23,400க்கு அது 3,042 ரிங்கிட். அண்ணியின் சம்பளத்திலிருந்தும் 11 விழுக்காடு பிடிப்பார்கள், கையில் வருகிற காசு குறையும். மாதாமாதம் நெருக்கடியில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பிடித்தம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பிடிக்கிற காசும் உங்கள் பெயரில்தான் கிடக்கிறது, முதலாளி போடுகிற மூவாயிரமோ வேறு எங்கேயும் கிடைக்காது. இதைப் போட்டுக் காட்டிய பிறகு அண்ணி அந்த முதல் தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை வாங்கிவிட்டுக் கேஷுவல் என்று பெயர் வைத்தால் அது கேஷுவல் ஆகிவிடாது. தேவைப்படும்போது மட்டும் கூப்பிட்டு, முழு நேரத் தொழிலாளியின் நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மிகாமல் வேலை செய்கிறவரைத்தான் பகுதி நேரத்துக்கான விதிமுறைகள் அந்தக் கணக்கில் வைக்கின்றன. 45 மணி நேரம் என்றால் அது வாரத்துக்குப் பதின்மூன்றரை மணிக்கு மிகாமல். கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறு மட்டும் பரிமாறப் போகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள். முழு வாரம் வேலை செய்கிறவருக்கு 11 விடுமுறையும் 8 நாள் விடுப்பும் சட்டப்படி உண்டு. அதைவிடக் குறைவாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்த வரி செல்லாது என்று அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டாலும், எப்போது வர வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானித்து, கருவிகளையும் அவர்களே கொடுத்தால், நீங்கள் தொழிலாளிதான் என்று எடுத்துக்கொள்ள 2023இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இடம் தருகிறது. ஆக, அண்ணி அந்த வேலைக்குப் போய்விட்டுப் பின்னால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்து வாங்கலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, அங்கேயே அதிகாரி முன்னால் விசாரணை நடக்கும். ஆனால் போராடி வாங்கப்போகிற ஒன்றை முதல் நாளே கொடுக்கிற இடம் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு அந்த அலைச்சல்? வேறு வழியில்லாமல் இப்படிப்பட்ட வேலையில் ஏற்கெனவே இருக்கிறவர்கள் நாள், நேரம், கிடைத்த காசு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விசாரணை வந்தால் அந்த நோட்டுதான் உங்களுக்குச் சாட்சி.

மூன்றாவது தாளுக்கு வருகிறேன். பகுதி நேரத்துக்கு 2010ஆம் ஆண்டிலிருந்து தனி விதிமுறைகள் உண்டு. முழு நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மிகாமல் செய்தால் பகுதி நேரம். 45 மணி நேர இடத்தில் அது பதின்மூன்றரையிலிருந்து முப்பத்தொன்றரை மணி வரை. அண்ணிக்குச் சொன்ன 25 மணி இதற்குள் வருகிறது. இவர்களுக்குக் குறைந்தது 7 பொது விடுமுறை சம்பளத்தோடு உண்டு. முதல் இரண்டு வருடம் 6 நாள் விடுப்பு, அதற்குப் பிறகு 8, ஐந்து வருடத்துக்கு மேல் 11. எம்.சி. 10, 13, 15 நாள். இ.பி.எஃப்., சொக்சோ இரண்டும் உண்டு. ஒரு நாள் சம்பளம் 50 ரிங்கிட், 13 நாள் வீட்டில் இருந்தபடி 650 ரிங்கிட், வருடத்துக்கு மொத்தம் 13,000. பெரிய தொகை இல்லை. ஆனால் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம் என்பதற்கு நான் கணக்குப் போட முடியாது, அது அண்ணி போட வேண்டிய கணக்கு. விடுமுறை ஏழுதான் என்பதால் தீபாவளி உள்ளே வருவது இன்னும் நெருக்கடி. கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அப்புறம், பகுதி நேரம் என்று சேர்த்துவிட்டு ஆள் குறைவு என்று வாரத்துக்கு 38 மணி, 40 மணி வேலை வாங்குகிற இடங்கள் உண்டு. சராசரி 70 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் நீங்கள் அந்த விதிமுறைகளுக்குள் இல்லை. பதினொரு விடுமுறையைக் கேட்கலாம்.

மாதச் சம்பளம் என்ற நான்காவது வழியும் இருந்தது. இரண்டாவது இடத்தில் மூன்று மாதம் கழித்து 1,950 ரிங்கிட் மாதச் சம்பளத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்களாம். மாற வேண்டுமா என்று கேட்டார். 1,950ஐ 26ஆல் வகுத்தால் 75. பன்னிரண்டு மாதத்துக்கு 23,400. அதே காசு. மணிச் சம்பளத்தில் விடுமுறைக் காசை ஒழுங்காகப் போட்டால் இரண்டும் சமம், போடாவிட்டால் வருடத்துக்கு 1,425 ரிங்கிட் குறைவு. மாதச் சம்பளத்தில் விடுமுறைக் காசு உள்ளேயே போய்விடுவதால் யாரும் மறக்க முடியாது. பிப்ரவரியில் நாள் குறைவு என்ற கவலையும் இல்லை. ஓய்வு நாளில் அடிக்கடி கூப்பிடுகிற இடமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள், அங்கே மணிச் சம்பளக்காரருக்குத்தான் கூட வரும். மணிச் சம்பளக்காரர் ஓய்வு நாளில் பாதி நேரம் வரை வேலை செய்தால் ஒரு நாள் சம்பளம், அதற்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம்.

விடுமுறை நாளுக்கு எவ்வளவு போடுவது என்பதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. மணிச் சம்பளக்காரரின் ஒரு நாள் சம்பளத்துக்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. முந்தைய சம்பளக் காலத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை எடுத்து, அதில் ஓய்வு நாளிலும் விடுமுறை நாளிலும் வேலை செய்ததற்கான காசைக் கழித்துவிட்டு, உண்மையில் வேலை செய்த நாள்களால் வகுக்க வேண்டும். செப்டம்பரில் 24 நாளுக்கு 1,680 என்றால் ஒரு நாள் 70. அக்டோபர் தீபாவளிக்கு அந்த 70தான் வரும். வேலை நேரம் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது மாதத்துக்கு மாதம் மாறும், மாறினால் பயப்பட வேண்டாம்.

வேலைக்குப் போனால்? இங்கே ஒரு பேஸ்லிப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர், மணிக்குப் பத்து ரிங்கிட், நாளுக்கு ஏழரை மணி. தேசிய தினத்தன்று காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை வேலைக்குக் கூப்பிட்டார்கள், போனார். மாதக் கடைசியில் சீட்டில் ஒரு வரி: பொது விடுமுறை, 5.0 பெருக்கல் 20.00, சமம் 100.00. 'டபுள் போட்டுவிட்டார்கள்' என்று சந்தோஷமாகக் காட்டினார். வாங்கிப் பார்த்தேன், அதற்குக் கீழே வேறு வரியே இல்லை. விடுமுறைக்கான அன்றைய சம்பளம் 75, அது வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் உண்டு. வேலை செய்ததற்கு அதற்கு மேல் இரண்டு நாள் சம்பளம், 150. மொத்தம் 225. முழு நேரம் செய்யாமல் ஐந்து மணியோடு முடித்தாலும் அதே இரண்டு நாள் சம்பளம்தான். வழக்கமான நேரத்தைவிடக் குறைவாக இருந்தாலும் என்று சட்டமே சொல்கிறது. ஏழரை மணியைத் தாண்டியிருந்தால் ஒவ்வொரு மணிக்கும் மூன்று மடங்கு, அவருக்கு 30 ரிங்கிட். அக்காவுக்கு 125 ரிங்கிட் குறைவாக வந்திருந்தது. அந்த அலுவலகத்தில் யாரும் வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஓ.டி. மாதிரி நினைத்து மணிக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். ஒரு துண்டுத் தாளில் கணக்கை எழுதிக் கொடுத்தேன், அவர் கொண்டுபோய்க் காட்டினார், அடுத்த மாதச் சீட்டில் சேர்ந்து வந்தது. தெரியாமல் போயிருந்தால் அந்த 125 அப்படியே மறைந்திருக்கும். அவருக்கு அது பிள்ளையின் ஒரு மாத டியூஷன் காசு.

விடுமுறையில் வேலை செய்ததற்கான காசை அடுத்த சம்பளக் காலம் முடியும் வரை தரச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த மாதச் சீட்டில் இல்லையென்றால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்ததையும் பாருங்கள்.

வீட்டில் இருப்பது, வேலைக்குப் போவது தவிர மூன்றாவதாக ஒன்று, நாளை மாற்றிக்கொள்வது. இரு பக்கமும் ஒத்துக்கொண்டால், கட்டாயமான ஐந்து தவிர மற்ற ஆறில் ஒரு விடுமுறைக்குப் பதில் வேறொரு நாள் லீவு எடுக்கலாம். அப்போது விடுமுறை நாள் சாதாரண வேலை நாள் ஆகிவிடும், 75தான் வரும், 225 வராது. காசு வேண்டும் என்பவர்களுக்கு இது நட்டம். ஆனால் பட்டியலில் இல்லாத தைப்பூசத்துக்காக ஜூலை 7ஐ விட்டுக்கொடுக்கிறேன் என்று கேட்கிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நான் பார்த்தவரை முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பல முதலாளிகள் ஒத்துக்கொள்கிறார்கள். முதலாளி பக்கத்திலிருந்து இந்த யோசனை வந்தால் மட்டும், எந்த நாள் பதிலுக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்ட நாள்கள் வருடக் கடைசியில் காணாமல் போய்விடும். விடுமுறை உங்கள் ஓய்வு நாளில் விழுந்தால் யாரையும் கேட்கவே வேண்டாம். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஓய்வு நாளாக இருந்து தீபாவளியும் பட்டியலில் இருந்தால் திங்கட்கிழமை சம்பளத்தோடு விடுமுறை. எம்.சி.யில் இருக்கும்போதோ ஆண்டு விடுப்பில் இருக்கும்போதோ விடுமுறை வந்தால் அதற்கும் வேறு நாள் தர வேண்டும்.

அண்ணியிடம் இரண்டு முறை சொன்ன விஷயம் ஒன்று உண்டு. விடுமுறைக்கு முந்திய வேலை நாளோ அடுத்த வேலை நாளோ அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், விடுமுறைக்கான சம்பளமும் போய்விடும். தீபாவளி முடிந்த மறுநாள் சொல்லாமல் வீட்டில் இருந்துவிட்டால் ஒரு நாள் நட்டம் என்று நினைப்போம், உண்மையில் இரண்டு நாள். எனக்குத் தெரிந்து ஒவ்வொரு வருடமும் நம் ஆட்கள் யாராவது இதில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் நாள் ராத்திரி முறுக்கு சுட்டு, பலகாரம் செய்து, விருந்தாளிகளை அனுப்பிவிட்டு எழுந்திருக்க முடியாமல் போவது யாருக்கும் புரியும், ஆனால் சம்பளக் கணக்கில் அதைப் போட இடமில்லை. மறுநாளுக்கு ஒரு நாள் ஆண்டு விடுப்பை முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உடம்பு முடியவில்லை என்றால் கிளினிக்குக்குப் போய் எம்.சி. வாங்கிவிடுங்கள்.

அண்ணியின் விஷயத்தில் என் மனசு இரண்டாவது தாளில்தான். பதினொரு ரிங்கிட் வேலை முதல் மாதச் சம்பளத்தில் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. ஆறு மாதம் மட்டும் செய்யப்போகிற, உடம்பு நன்றாக இருக்கிற, விடுமுறையே எடுக்காத ஓர் இளைஞன் வந்து கேட்டிருந்தால்கூட இ.பி.எஃப். போடுகிற இடத்துக்குத்தான் போகச் சொல்லியிருப்பேன். குடும்பத்துக்கு நேரம்தான் முக்கியம் என்றால் மூன்றாவது தாள், அதில் தவறே இல்லை. பத்துக்கும் கீழே ஏதாவது சொல்கிறார்கள் என்றால் கவனிக்க வேண்டிய இன்னொரு எண், குறைந்தபட்சச் சம்பளம். 2025இல் அது மாதம் 1,700 ரிங்கிட் ஆனது, மணிக்கு 8.72. அதற்குக் கீழே யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அண்ணி உடனே முடிவு சொல்லவில்லை. இரண்டாவது இடத்துக்குப் போன் பண்ணினார், ஒலிபெருக்கியில் போட்டார். நான் தாளில் எழுதிக் கொடுக்க, ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த வருடத்துப் பொது விடுமுறைப் பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது, அதில் தீபாவளி இருக்கிறதா? மணிச் சம்பளக்காரருக்கு விடுமுறைச் சம்பளம் எந்தக் கணக்கில், சீட்டில் தனி வரியாக வருமா? ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? மறுபக்கம் பேசியது சின்ன வயதுப் பெண் குரல். கொஞ்ச நேரம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "அறிவிப்புப் பலகையில இருக்கு ஆன்டி, பார்த்துச் சொல்றேன்" என்று போனைப் பிடித்தபடியே நடந்து போனார். தொழிற்சாலை இயந்திரச் சத்தம் பெரிதாகி, மறுபடி அடங்கியது. பட்டியலை மேலிருந்து கீழே மலாயில் வாசித்தார். அண்ணி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பதாவதாகத் தீபாவளி வந்தது. தைப்பூசம் வரவில்லை.

"ஜூலை ஏழு இருக்காம்மா?" என்று கேட்டார் அண்ணி.

"பத்தாவது இருக்கு."

"அதுக்குப் பதில் எனக்குத் தைப்பூசம் தருவாங்களா? எழுதியே கொடுத்துடறேன்."

அந்தப் பெண் மேனேஜரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை சாயந்திரம் பதில் வந்தது. அண்ணி ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்குப் போகிறார். முதல் சம்பளச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.